சுந்தராம்பாளின் நிபந்தனை

1933 டிசம்பரில் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது நாடக நடிகையும் பாடகியுமான கே.பி. சுந்தராம்பாளுக்கு வயது 25. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி பெஞ்சு வரை எட்டப் பாடிய ஜோடி அது. அதன்பின் நகைகளைக் கழற்றி, வெள்ளைச் சேலைக்கு மாறி, எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதிபூண்டு ஒதுங்கினார். 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தைச் சோகத்தை வென்று திரும்பிய கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. துக்கத்தையே அவர் ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தாக்கினார் என்பேன். நந்தனாராக ஆண் வேடம் கட்டினார். எதிரே வேதியராக நின்றவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். காதல் காட்சிக்கு வழியே இல்லை.

அந்தப் படத்துக்கு அவர் பெற்றது ஒரு லட்சம் ரூபாய், அன்றைக்கு மலைப்பூட்டும் தொகை. வைராக்கியமாவது ஒன்றாவது, காசுதானே என்று கேட்கலாம். காசை அவர் மறுக்கவில்லைதான். ஆனால் அதுவே குறியென்றால் படங்கள் வரிசைகட்டியிருக்கும். 1940இல் ‘மணிமேகலை’, அப்புறம் 13 ஆண்டுகள் கழித்து ஜெமினியின் ‘ஔவையார்’. ஒருவர் துறவி, மற்றவர் கிழவி. 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் ஏற்ற கவுந்தியடிகளும் சமணத் துறவிதான். இன்னோர் ஆட்சேபம் கனமானது: கைம்பெண் கோலம் அவர் தேர்ந்ததா, ஊர் திணித்ததா? ஊர் விதிதான், சந்தேகமில்லை. ஆனால் அதே விதி கைம்பெண்ணை மூலையில் உட்காரச் சொன்னது. அந்தப் பாதியை மட்டும் அவர் கேட்கவில்லை. நெற்றி நிறைய நீறோடு மேடையேறினார், 1950களில் சட்ட மேலவையிலும் அமர்ந்தார்.