ஒற்றை மூலக்கூற்றுக் காந்தங்களில் இணையியின் பங்கு

ஒற்றை மூலக்கூற்றுக் காந்தம் என்பது, தாழ்வெப்பநிலையில் தனியொரு மூலக்கூறே தன் காந்தத் திசையைத் தக்கவைக்கும் சேர்வை. அதன் வடிவத்தையும் காந்த அச்சையும் தீர்மானிப்பவை உலோக அயனைச் சூழ்ந்து பிணையும் இணையிகள். 12 மங்கனீசு அயன்களை ஒட்சைட்டுப் பாலங்களும் அசற்றேற்று இணையிகளும் கட்டிவைத்த சேர்வையில் காந்தத் திசையைத் தக்கவைக்கும் பண்பு 1993இல் தெளிவானது.

இணையிகளின் பங்கு டிஸ்ப்ரோசியம் உலோகத்தில் நன்கு தெரிகிறது. அதன் மூன்று நேரேற்றமுள்ள அயனின் இலத்திரன் முகில் தட்டையானது. ஆகவே அச்சின் இரு முனைகளிலும் வலிய இணையிகளும், நடுவளையத்தில் வலிமை குன்றியவையும் அமைந்தால் காந்தத் திசை எளிதில் புரளாது. மும்பை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் இராமசாமி முருகவேல், கோபாலன் இராஜாராமன் குழுவினர் 2016இல் முனைகளில் பருத்த பொசுபோனிக் இரு அமைட்டுகளையும் நடுவே ஐந்து நீர் மூலக்கூறுகளையும் அமைத்தனர். கிடைத்த காந்தம் காற்றில் கெடவில்லை. இத்துறையில் அது அருமையான பேறு. 2018இல் இரு பருத்த ஐங்காபன் வளையங்களுக்கிடையே வைக்கப்பட்ட டிஸ்ப்ரோசியம், திரவ நைதரசனின் கொதிநிலையான 77 கெல்வினைக் கடந்து, 80 கெல்வின் வரை காந்த நினைவைக் காத்தது.