மீண்டு வந்தவர்களின் கரை

சான் பிரான்சிஸ்கோ பகுதியில் வசிக்கும் நம்மவர்களிடம், ஊரிலிருந்து பெற்றோரோ நண்பர்களோ வந்தால் கட்டாயம் அழைத்துச் செல்லவேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். கலிபோர்னியாவின் ஒன்றாம் எண் நெடுஞ்சாலைக்கு அதில் தவறாமல் இடமுண்டு. குறிப்பாக, கார்மலிலிருந்து சான் சிமியோன் வரை பசிஃபிக் கடலை ஒட்டி ஏறத்தாழ 90 மைல் நீளும் பிக் சூர் பகுதி. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் கடல். கெல்ப் பாசிகளுக்கிடையே மல்லாந்து மிதக்கும் கடல் நீர்நாய்கள், மணலில் புரளும் யானைச் சீல்கள், மலைச்சரிவில் வட்டமிடும் காண்டோர்கள். மனிதக் கை படாத ஆதி இயற்கையைக் கண்டுவிட்டோம் என்ற நிறைவுடன்தான் எவரும் திரும்புவர்.

அந்த நிறைவு ஒரு பிழையான புரிதலின் மேல் நிற்கிறது. இக்கரையின் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால் வேறொரு கதை தெரிகிறது.

முதலில் சாலையின் கதை. 1894இல் பாயின்ட் சூர் அருகே ஒரு கப்பல் பாறையில் மோதியது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சையளிக்க மான்டரேயிலிருந்து குதிரை வண்டியில் விரைந்தவர் ஜான் ராபர்ட்ஸ் என்ற மருத்துவர். இந்தக் கரைக்கு ஒரு சாலை வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1897இல் கரை நெடுக நடந்தே சென்று வரைபடமும் புகைப்படங்களும் சேகரித்தார். அரசு நிதி ஒதுக்கியது 1919இல். சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதோ 1937 ஜூனில்தான்.

இதை அமைத்தவர்களில் கணிசமானோர் சான் குவென்டின் சிறையின் கைதிகள். நாளொன்றுக்கு 35 சென்ட் கூலியும் தண்டனைக் குறைப்பும் அவர்களுக்குக் கிடைத்தன. டைனமைட்டால் பிளந்த பாறைகள் சரிவிலும் கடலிலும் தள்ளப்பட்டன. அலைவாய்ப் பாறைகளில் ஒட்டி வாழும் உயிர்களைப் பற்றி அன்று எவரும் கவலைப்படவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட பாலங்கள் எழுந்தன. 1932இல் கட்டி முடிக்கப்பட்ட பிக்ஸ்பி ஓடைப் பாலத்தின் கான்கிரீட் வளைவு இன்று உலகப் புகழ்பெற்ற காட்சி. கார்மலில் தன் கையாலேயே கல்வீடு கட்டி வாழ்ந்த கவிஞர் ராபின்சன் ஜெஃபர்ஸ், இந்தச் சாலையைக் கசப்போடு நோக்கிக் கவிதை எழுதினார்.

அந்தப் பிக்ஸ்பி ஓடையருகில்தான் வரலாறு ஒரு விந்தையை நிகழ்த்தியது.

கடல் நீர்நாய்க்கு உடலில் கொழுப்புப் படலம் கிடையாது. குளிர்கடலில் அதன் உயிரைக் காப்பது ரோமம்தான். ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் இழைகள் வரை உண்டு. அதைக் காத்த ரோமமே அதற்கு எமனாகவும் ஆனது. விட்டஸ் பெரிங்கின் பயணத்திலிருந்து 1742இல் திரும்பிய ரஷ்யர்கள் கொண்டுவந்த தோல்கள் ஒரு பெருவணிகத்தைத் தொடங்கிவைத்தன. 1911இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகள் ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபோது, உலகம் முழுவதிலும் எஞ்சியவை ஓரிரு ஆயிரமே. கலிபோர்னியாவில் இவ்வினம் அற்றுப்போய்விட்டதாகவே பலரும் நம்பினர். 1938 மார்ச்சில், பிக்ஸ்பி ஓடையருகே வசித்த ஹோவர்ட் ஷார்ப் என்பவர் தொலைநோக்கியில் கடலைப் பார்த்தபோது பாசிக்கிடையே ஒரு கூட்டம் மிதந்துகொண்டிருந்தது. அவை கடல் நீர்நாய்கள்.

சாலை திறந்து ஒன்பதே மாதங்கள் ஆகியிருந்தன. இந்தக் கரை எட்ட முடியாததாக இருந்தவரை அச்சிறு கூட்டம் கண்ணில் படாமல் பிழைத்திருந்தது. சாலை வந்தபின் உலகத்தின் பார்வையிலிருந்து அதனால் ஒளிய முடியவில்லை. நல்லவேளையாக, அதற்குள் சட்டம் வந்திருந்தது. கால் நூற்றாண்டு முன்னதாக இச்சாலை போடப்பட்டிருந்தால் அந்தக் கூட்டம் என்னவாகியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. இன்று கலிபோர்னியாவிலுள்ள ஏறத்தாழ மூவாயிரம் நீர்நாய்களும் எஞ்சிய அந்தச் சிலவற்றின் சந்ததிகளே.

யானைச் சீல்களின் கதை இன்னும் கொடியது. எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்டு, 1880களில் இவையும் அற்றுப்போனவையாகக் கருதப்பட்டன. 1892இல் மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகச் சென்ற சார்ல்ஸ் டவுன்செண்டின் குழு எட்டு விலங்குகளைக் கண்டது. அருங்காட்சியகத்துக்காக அவற்றில் ஏழைக் கொன்றது. கடைசி மாதிரியைச் சேகரிப்பது அறிவியலின் கடமை என்று அன்று நேர்மையாகவே நம்பினர் என்பதுதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. கடலில் இருந்த ஒருசில தப்பின. 1922இல் மெக்சிகோ பாதுகாப்பு அளித்தது. இன்று இவ்வினம் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் 1974இல் வெளியான ஆய்வொன்று, அவற்றின் இரத்தப் புரதங்களில் மரபணு வேறுபாடே காணப்படவில்லை என்று காட்டியது. எண்ணிக்கை மீண்டாலும், இழந்த பன்மை மீளவில்லை.

சான் சிமியோனுக்கு வடக்கே பியெத்ராஸ் பிளாங்காஸ் கரையில், சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டுப் பார்க்கும் ஆயிரக்கணக்கான சீல்கள் காலங்காலமாக அங்கே இருப்பவை என்றே தோன்றும். அவை அங்கு முதலில் வந்தது 1990இல். முதல் குட்டி பிறந்தது 1992இல். அதாவது, நம்முன் கிடக்கும் அந்த ஆதி இயற்கை, நாம் நிற்கும் சாலையைவிட அரை நூற்றாண்டுக்கும் மேல் இளையது.

காண்டோர்களும் அப்படியே. 1987இல் கடைசிக் காட்டுப் பறவையும் பிடிக்கப்பட்டபோது உலகில் மொத்தம் 27 மட்டுமே இருந்தன. அனைத்தும் கூண்டில். பிக் சூரில் அவை மீண்டும் விடுவிக்கப்பட்டது 1997இல். வேட்டையாடப்பட்ட விலங்குகளின் உடலில் தங்கும் ஈயக் குண்டுகள் அவற்றை இன்றும் நஞ்சூட்டுகின்றன. அதனாலேயே வேட்டையில் ஈயக் குண்டுகளைக் கலிபோர்னியா 2019இல் முற்றாகத் தடைசெய்தது.

ஆக, இக்கரையில் நாம் காண்பது தீண்டப்படாத இயற்கையன்று. அழிவின் விளிம்புவரை தள்ளப்பட்டு, சட்டத்தாலும் சிலரது பிடிவாதத்தாலும் மீண்டு வந்த இயற்கை. இந்த மீட்பு எல்லோருக்கும் இனிப்பாகவும் இல்லை. நீர்நாய்கள் பெருகப் பெருக அபலோன் சிப்பிகள் குறைவதாக 1960களில் மீனவர்கள் கொதித்தனர். மறுபுறம், கெல்ப் பாசிகளை மேயும் கடல் முள்ளெலிகளைத் தின்று, அந்தக் கடற்காடுகள் தழைக்க உதவுவதும் இதே நீர்நாய்கள்தாம்.

மனிதர்களின் கதையோ இவற்றைவிடத் தாமதமாகவே திரும்புகிறது. இம்மலைகளின் பூர்வகுடிகளான எஸ்ஸலென் மக்கள், 1770 முதல் இங்கு வேரூன்றிய ஸ்பானிய மிஷன்களின் கட்டுப்பாட்டிலும் நோய்களிலும் பெரும்பாலும் அழிந்தனர். அற்றுப்போன இனம் என்றே நூல்கள் எழுதின, நீர்நாய்களைப் பற்றி எழுதியதைப் போலவே. அவர்களின் வழித்தோன்றல்கள் இருந்துகொண்டுதான் இருந்தனர். 2020இல், லிட்டில் சூர் ஆற்றை ஒட்டிய ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலம் அவர்களிடம் திரும்பியது. அங்கும் காண்டோர்கள் பறக்கின்றன.

மலை இன்னமும் சாலையை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2017 மே மாதம் மட் கிரீக்கில் ஒரு மலைச்சரிவே கடலுக்குள் இறங்கியது. சாலையை மறுபடி திறக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. சரிவதும் திறப்பதும் இச்சாலையின் வாழ்க்கை முறை. அடுத்த முறை விருந்தினரை அழைத்துச் செல்லும் நண்பர்கள், பிக்ஸ்பி பாலத்தைப் படமெடுத்தபின் சில நிமிடங்கள் கீழே கடலையும் பார்க்கவேண்டும். பாசியில் மிதக்கும் அந்தச் சிறு தலைகளில் ஒன்றுகூட அங்கே இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை.