முத்துக் குளித்த கரையில் முத்து போட்ட கதை

தமிழில் 'முத்து' என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று சிப்பிக்குள் விளைவது. கொற்கையின் பெயரை ரோமாபுரி வரை கொண்டு சென்றது அதுதான். மற்றது உடம்பில் விளைவது. அம்மை கண்ட வீட்டில் 'முத்து போட்டிருக்கிறது' என்பார்கள். நோய் தணிந்தால் 'முத்து இறங்கிவிட்டது' என்பார்கள். முத்துமாரி என்ற பெயரில் இரண்டு பொருளும் கலந்தே ஒலிக்கின்றன. வடமொழி மருத்துவ நூல்கள் பெரியம்மையை மசூரிகா என்றன. அந்தக் கொப்புளங்கள் அவர்கள் கண்ணுக்கு மசூர்ப் பருப்பாகத் தெரிந்திருக்கின்றன. தமிழன் கண்ணுக்கு அவை முத்தாகத் தெரிந்தன. மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இன்றும் தட்டம்மைக்குச் 'சின்னமுத்து' என்றே பெயர். இலங்கைச் சுகாதாரத் துறையின் தமிழ் அறிவிப்புகளிலும் அச்சொல்லைக் காணலாம்.

இந்தச் சொல் உறவை வெறும் உவமை என்று விட்டுவிடலாம். ஆனால் தூத்துக்குடி, மன்னார்க் கரைகளின் வரலாற்றில் இந்த இரண்டு முத்துகளும் ஒரே படகில் பயணம் செய்திருக்கின்றன. தடுப்பூசியையும் பெருந்தொற்றையும் பற்றி அண்மைக்காலத்தில் நாம் நடத்திய விவாதங்களில் பெரும்பாலானவை இக்கரைக்குப் புதியவை அல்ல.

சலாபம் என்பது முத்துக்குளிப்புக்கு உரிய பழைய பெயர். அது ஆண்டுதோறும் நடக்கும் தொழில் அன்று. கடலடிப் பார்களில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று ஆய்ந்து, தேறினால் மட்டுமே அறிவிப்பார்கள். அறிவித்த சில வாரங்களுக்குள் ஆளற்ற மணல்வெளியில் ஒரு நகரம் எழும். பரவர், முஸ்லிம் குளியாளிகள், அரபு நாட்டினர், வட்டிக்குக் கொடுப்போர், துளையிடுவோர், சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக் கூலி பெறும் கடல்கட்டிகள் என்று பல்லாயிரம் பேர் கூடுவர். வர்ஜீனியா வுல்ஃபின் கணவராகப் பின்னாளில் அறியப்பட்ட லெனார்ட் வுல்ஃப், 1906இல் இலங்கை மரிச்சுக்கட்டி முகாமில் இளம் அதிகாரியாக வேலை பார்த்தவர். தம் தன்வரலாற்றின் 'க்ரோயிங்' என்னும் பகுதியில் அம்முகாமை விரிவாக எழுதியிருக்கிறார். எடுத்த சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்தபின் அலசி முத்தெடுப்பதே முறை. எனவே நாற்றமும் ஈக்களும் முகாமின் நிலையான குடிகள். குடிநீரோ அரிது. வாந்திபேதி நுழைந்துவிட்டால் முகாமே கலைந்து ஓடும். ஓடுகிறவர்கள் அதைத் தத்தம் ஊர்களுக்குக் கொண்டுசெல்வர்.

வாந்திபேதி நுண்ணுயிரியால் வருவது. பெரியம்மை வைரஸால் வருவது. அக்காலத்தில் இரண்டின் காரணமும் தெரியாது. ஆயினும் கூட்டம் கூடுமிடத்தில் நோய் கூடும் என்பதும், படகு போகுமிடத்துக்கு நோயும் போகும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கரைக்கோயில்களில் செபஸ்தியாரும், கரையை அடுத்த ஊர்களில் மாரியம்மனும் நோய்க்காவலர்களாக நின்றதற்கு இந்த அனுபவ அறிவே காரணம்.

எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசுவம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். அந்தப் பால் நெடுந்தொலைவு கெடாமல் செல்லாது. ஆகவே ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டு நாள் கழித்து அங்கே பழுத்த கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தி, மனித உடல்களையே சங்கிலியாக்கி அதை உலகம் முழுவதும் கொண்டுசென்றனர். ஸ்பெயின் அரசு 1803இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பிய கப்பலில் 22 அநாதைச் சிறுவர்கள் இதற்காகவே ஏற்றப்பட்டனர். இந்தியாவில் முதலில் குத்தப்பட்டவள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தை. நாள் 1802 ஜூன் 14. அதே ஆண்டில் சென்னைக்கும் இலங்கைக்கும் அந்தச் சங்கிலி நீண்டது. பேரரசுகள் பெருமையோடு எழுதிவைத்த இந்த வரலாற்றின் ஒவ்வொரு கண்ணியும், பெரும்பாலும் பெயர் தெரியாத ஓர் ஏழைக் குழந்தையின் புண்பட்ட கை என்பதை மறந்துவிடலாகாது.

மக்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. யாருடைய குழந்தையின் உடலிலிருந்து எடுத்ததை யாருடைய குழந்தைக்குக் குத்துவது என்பது சாதிச் சமூகத்தில் சிறிய கேள்வி அன்று. அம்மன் வந்திருக்கிற உடம்பில் ஆயுதம் படலாமா என்பது இன்னொரு கேள்வி. இந்த இடத்தில்தான் தமிழ் இலக்கிய மாணவர் நன்கறிந்த ஒருவர் நுழைகிறார். எல்லீசன் என்று தம்மைத் தமிழில் அழைத்துக்கொண்ட பிரான்சிஸ் வைட் எல்லிஸ். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியவர். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816இல் எடுத்துக்காட்டியவர். இவர் பசுவம்மைக் குத்தலுக்காகத் தமிழில் ஒரு கதை புனைந்தார். தேவிக்கும் தன்வந்தரிக்கும் நடக்கும் உரையாடலாக அமைந்த அதில், பசு தரும் ஐந்து புனிதப் பொருள்களோடு ஆறாவதாக இந்த அம்மைப்பாலும் சேர்க்கப்படுகிறது. பஞ்சகவ்யத்தை நம்புகிறவன் ஆறாவதையும் நம்பட்டும் என்பது கணக்கு. 1819 தொடக்கத்தில் சென்னையின் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. பசுவம்மைக் குத்தல் தன்வந்தரியின் பழைய நூலிலேயே இருக்கிறது என்று அது சான்று காட்டியது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவரும் எல்லிஸாக இருக்கலாம் என்பது, 1987இல் இதை ஆராய்ந்த டொமினிக் வுயாஸ்டிக் போன்றோரின் கருத்து. அதே ஆண்டு மார்ச் மாதம், முத்துக்கரைச் சீமையான இராமநாதபுரத்தில், தவறுதலாக நஞ்சு உட்கொண்டு எல்லிஸ் இறந்துபோனார்.

நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய் என்று இதை மன்னிக்கலாமா? 'பொய்மையும் வாய்மை இடத்த' என்று தொடங்கும் குறளை எல்லிஸ் படித்தே இருப்பார். ஆனால் விளைவைப் பாருங்கள். அந்தப் புனைவு எத்தனை குழந்தைகளைக் காத்தது என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அந்தப் பொய்ச்சான்று மட்டும் சாகவில்லை. ஜென்னருக்கு முன்பே நம்மவர்கள் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற பெருமிதத்துக்கு ஆதாரமாக அது பிறகு பலராலும் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டது. மக்களை அறிவியலின் பக்கம் அழைத்துவரப் புனைந்த ஒன்று, அறிவியல் வரலாற்றையே கலக்கிவிட்டது. (பெரியம்மைப் பாலையே சிறிதளவு குத்தி நோயைத் தணிக்கும் முறை இந்தியாவில், குறிப்பாக வங்காளத்தில், முன்பே இருந்தது. அது உண்மை, அது வேறு முறை.)

இன்றைய வைரஸ் ஆய்வு இதற்கு ஒரு வேடிக்கையான பின்னுரை எழுதியிருக்கிறது. 1902இல் அமெரிக்காவில் தயாரான ஒரு பழைய பெரியம்மைத் தடுப்பூசிக் குழாயின் மரபணுவைப் படித்து 2017இல் வெளியிட்டார்கள். அது பசுவம்மையைவிடக் குதிரையம்மை வைரஸுக்கே மிக நெருக்கமாக இருந்தது. 'வாக்சின்' என்ற சொல் பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதில் ஒரு பகுதியேனும் குதிரையின் கொடையாக இருந்திருக்கலாம். பசுவின் ஆறாவது புனிதப்பொருள் பசுவினுடையதே அல்லாமலும் போயிருக்கலாம்!

பொய்ச்சான்றைக் காட்டிலும் அதிகம் பயன்பட்டது வேறொன்று: குறையைத் திருத்திக்கொண்ட தொழில்நுட்பம். கையிலிருந்து கைக்குக் குத்தும் முறை போய், கன்றுகளிடமிருந்து எடுத்த பால் வந்தது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங், வெப்பத்தில் கெடாதிருக்க அதை லானோலின் என்னும் கம்பளிக்கொழுப்பில் குழைத்துப் பாதுகாக்கும் வழியைக் கொண்டுவந்தார். கிண்டியில் அவர் பெயரால் இன்றும் நிற்கும் கிங் நிலையம், 1899இல் அம்மைப்பால் தயாரிப்பிடமாகத் தொடங்கியதே. மற்றொருபுறம் சட்டம் வந்தது. 1884ஆம் ஆண்டின் சென்னை அம்மைகுத்தல் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் குத்திக்கொள்வதைக் கட்டாயமாக்கியது. அம்மை குத்துகிறவர் தெருவில் வருகிறார் என்றால் குழந்தைகளை ஒளித்துவைக்கும் வழக்கமும் கூடவே வளர்ந்தது.

சட்டம் எவர் உடம்பில் அதிகம் அழுந்தியது என்பதற்குத் தூத்துக்குடிக்கு அருகிலேயே சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் பரவியபின், தூத்துக்குடி வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித்தொழிலாளர்கள் தட்டப்பாறை முகாமில் தடுத்துவைக்கப்பட்டனர். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் அந்த இடத்தை மண்டபம் முகாம் பிடித்துக்கொண்டது. சில நாள் அடைத்துவைத்தல், துணிகளை ஆவியில் வேகவைத்தல், அம்மை குத்தல், குடற்புழு மருந்து ஆகியவற்றைக் கடந்தே அக்கரை போகலாம். வெனிஸ்காரர்களின் நாற்பது நாள் காவலுக்கு நம் ஊரில் கிடைத்த வடிவம் அது. ஆனால் பயணச்சீட்டின் வகுப்பு உயர உயரக் காவலின் இறுக்கம் குறைந்தது. கிருமிக்கு வகுப்பு வேறுபாடு தெரியாது, முகாமுக்குத் தெரிந்திருந்தது. அதே மண்டபம் முகாம் பின்னாளில் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கும், போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கும் அடைக்கலமாயிற்று என்பது வரலாற்றின் வேறொரு திருப்பம்.

இவ்வளவு குறைகளையும் மீறி அந்த வேலை முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்திய மண்ணிலேயே தொற்றிய கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் பீகாரில் கண்டறியப்பட்டார். 1980 மே 8 அன்று உலகம் பெரியம்மையற்றதாக அறிவிக்கப்பட்டது. மனிதன் திட்டமிட்டு ஒழித்த ஒரே மனித நோய் இதுவே. கடைசிக் கட்டத்தில் கட்டாயத்தைவிடப் பயன்தந்தது, நோய் கண்ட வீட்டைத் தேடிச் சென்று, அவ்வீட்டைச் சுற்றியிருந்தோருக்கெல்லாம் ஊசி போட்ட வீடுவீடான உழைப்பு. தமிழகத்தில் இதற்கு ஓர் அடித்தளம் இருந்தது. 1922இல் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனித் துறை. 1939இல் நாட்டுக்கே முன்னோடியான பொதுச் சுகாதாரச் சட்டம். சிகிச்சை வேறு, நோய்த்தடுப்பு வேறு என்று பிரித்துப் பார்த்த இந்த நிர்வாக அறிவைத் தமிழர்கள் போதுமான அளவு கொண்டாடியதில்லை.

முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961உடன் நின்றுபோயிற்று. துறைமுகம் நிற்கவில்லை. 2020 ஜூன் தொடக்கத்தில் கடற்படையின் 'ஐ.என்.எஸ். ஜலஷ்வா' கொழும்பில் சிக்கியிருந்த 680க்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் இறக்கியது. பின்னர் மாலத்தீவிலிருந்தும், ஈரானில் தவித்த மீனவர்களோடு பந்தர் அப்பாஸிலிருந்தும் அதே கப்பல் வந்தது. இறங்கியோருக்குச் சோதனை, பிறகு தனிமைக்காவல். நூறாண்டுகளுக்கு முன் தட்டப்பாறையில் நடந்ததன் மறுபக்கம் இது. அப்போது போகிறவர்களைத் தடுத்தார்கள், இப்போது வருகிறவர்களை. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமே இரண்டு காலத்துக்கும் பொதுவாக இருந்தது.

அடுத்த ஆண்டு எல்லிஸின் கேள்வி மீண்டும் எழுந்தது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக், மக்களுக்கு எடுத்துக்காட்டாக அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். இரண்டே நாளில் மாரடைப்பால் காலமானார். வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு ஆராய்ந்து சொல்ல ஆறு மாதம் ஆயிற்று. ஆறு மாதம் என்பது ஓர் அறிக்கைக்குக் குறைவு. ஒரு வதந்திக்கு அது யுகம். அதே காலத்தில், 600 கோடிக்கு மேல் செலவிட்டுச் செங்கல்பட்டில் கட்டிய தடுப்பூசி வளாகம் ஒரு குப்பிகூடத் தயாரிக்காமல் கிடந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையமும் கிண்டி பி.சி.ஜி. கூடமும் 2008இல் தரக்குறைவைக் காரணம் காட்டி உரிமம் நிறுத்திவைக்கப்பட்டவை. 2010இல்தான் அத்தடை நீங்கியது. அம்மைப்பாலுக்காக ஒரு நிலையத்தையே எழுப்பிய மாநிலம், பெருந்தொற்றின் நடுவே குப்பிக்காகக் காத்து நின்றது. ஊசிக்கு அஞ்சிய மக்களை நாம் எளிதாகக் கடிந்துகொண்டோம். ஊசி செய்யும் கூடங்கள் நலிந்தபோது எவ்வளவு பேர் பேசினோம்?

எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு 2023இல் நோபல் பரிசு கிடைத்துவிட்டது. உலக நாடுகள் 2025 மே மாதம் பெருந்தொற்று உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டன. அடுத்த வைரஸுக்கான ஊசி முன்பைவிட விரைவாகவே வரும் என நம்பலாம். நம்பிக்கையை அப்படி ஆய்வகத்தில் ஓராண்டில் செய்துவிட முடியாது. தேவியின் வாயில் வார்த்தைகளை வைத்து எல்லிஸ் அதைக் கடன் வாங்கப் பார்த்தார். முகாம்கள் அதைத் தேவையே இல்லை என்று ஒதுக்கின. வீடுவீடாக நடந்த சுகாதாரப் பணியாளர்கள்தாம் அதைச் சிறிது சிறிதாகச் சம்பாதித்தார்கள். பெயர் சொல்லி விசாரித்து, பக்கவிளைவு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, மறுநாள் காய்ச்சலுக்கு மாத்திரையோடு திரும்பி வந்து நின்றவர்கள் அவர்கள். சலாபத்திலும் ஆழத்துக்கு இறங்கியவன் மூச்சடக்கத் தெரிந்தவன் மட்டுமல்லன். மேலே கயிறு பிடித்திருப்பவனை நம்பியவன். பொதுச் சுகாதாரம் என்பதும் அந்தக் கயிறுதான்.