திருமுனைப்பாடி நாடு கண்ட மாணாக்கர்

நாவுக்கரசரையும் நம்பியாரூரரையும் ஈன்ற பெருமை திருமுனைப்பாடி நாட்டிற்கே உரியது. முன்னாளில் தென்னார்க்காடு மாவட்டத்துள் அடங்கியிருந்த அந்நாட்டூர்கள், 1993, 2019 ஆகிய ஆண்டுகளின் பிரிவினைகளால் இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்னும் மூன்று மாவட்டங்களிற் பிரிந்து கிடக்கின்றன. கல்லூரி மாணாக்கர் பதினெண்மர் அவற்றைக் காண விழைந்தபோது யாமும் உடன் சென்றேம்.

முதற்கண் பண்ணுருட்டியை அடுத்த திருவதிகை. திலகவதியார் அலகிட்டு மெழுகித் தொண்டு புரிந்த அக்கெடிலக்கரை வீரட்டானத்தில்தான் அரசர் சூலை தீரப்பெற்று முதற்பதிகம் அருளினார். அங்கே மாணாக்கருள் ஒருவர், "ஐயா, பல்லவன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துக் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது மெய்தானோ?" என வினவினார். உடன்வந்தோர் சிலர் முகஞ் சுளித்தனர். வினா கடியத்தக்கதன்று, போற்றத்தக்கதேயாம்.

இவ்வரலாற்றைப் பாடிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டினர். மகேந்திரவர்மனோ 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினன். இடையே ஐந்நூறு ஆண்டுகள். ஆயினும், குணபரன் என்னும் பெயர் புலவர் புனைந்ததன்று. சிராப்பள்ளிக் குன்றின் குடைவரையில் அவ்வேந்தன் பொறித்த வடமொழிக் கல்வெட்டிலே அது காணப்படுகின்றது. அவன் பிறநெறியினின்று மீண்டமையைக் குறிப்பதாக அறிஞர் பலர் கொள்ளும் தொடரும் அதன்கண் உளது. இனி, பாடலிபுத்திரமாவது திருப்பாதிரிப்புலியூர். லோகவிபாகம் என்னும் சமண நூல் சக ஆண்டு 380-இல், அஃதாவது கி. பி. 458-இல், எழுதப்பட்ட பாடலியும் இவ்வூரே என்பர். எனவே அரசன் பெயரும் சமணர் இருக்கையும் புறச்சான்று பெற்றன. பள்ளி இடித்த செய்தியோ புராணத்தின் வழியே நமக்கு வருவது. இவ்வேறுபாட்டை மறையாது உரைத்தலே ஆசிரியன் கடன் என எண்ணி அவ்வாறே உரைத்தேம்.

திருநாவலூரில் நெடிது தங்கிலேம். ஆரூரர் பிறந்த அவ்வூர், 949-இல் தக்கோலத்து யானைமேற் பட்ட சோழ இளவரசன் பெயரால் இராசாதித்தபுரம் எனவும் வழங்கியது. வழியில் ஒரு கோயிலில் கல்வெட்டெழுத்தின்மேற் சுண்ணம் அப்பியிருக்கக் கண்டு வருந்தினேம், ஊர்ப்பெயர் வேண்டா.

மாலையில் திருவெண்ணெய்நல்லூர். தடுத்தாட்கொண்ட வழக்கு நிகழ்ந்த அருட்டுறையும், மெய்கண்டார் வழிபட்ட பொல்லாப் பிள்ளையாரும் ஓரூரிலேயே அமைந்தமை வியத்தற்குரியது. உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணத்திற் குறித்த சக ஆண்டு 1235 (கி. பி. 1313) கொண்டே மெய்கண்டார் காலம் 13-ஆம் நூற்றாண்டென வரையறுக்கப்படுகின்றது. சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரமும் சேர்ந்து நாற்பதே அடி என்றதும், "இவ்வளவுதானா!" என்றனர் பலர். அந்நாற்பதடியின் முன் சகலாகம பண்டிதராகிய முதியவர் அருணந்தி, இளையாரிடம் மாணாக்கராய் நின்ற வரலாற்றைச் சொன்னேம். சிறிதுபோது ஒருவரும் பேசிலர்.

பேருந்தில் மீளுங்கால், காலையில் வினவிய அம்மாணாக்கர் எம்மருகே வந்து, லோகவிபாகத்தின் பெயரைத் தம் குறிப்பேட்டில் எழுதித் தருமாறு வேண்டினார்.