சத்திரம்: அடுப்பிலிருந்து பிறந்த ஊர்ப்பெயர்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம். தஞ்சைக் கடற்கரையில் சேதுபாவாசத்திரம். இராசபாளையத்துக்கு அருகே, மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டி. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையம். பேருந்துப் பலகைகளில் நாள்தோறும் ஓடும் சொல் இது. ஊர்ப்பெயரை நாவால் சொல்கிறோம். ஊருக்குப் பெயர் தந்த அந்த வழிவீட்டை மறந்துவிட்டோம்.

தமிழ் எழுத்தில் சத்திரம் என்ற ஒரே வடிவத்துக்குள் வெவ்வேறு வடசொற்கள் வந்து கலந்திருக்கின்றன. ஒன்று குடையைக் குறிக்கும் சொல். இன்னொன்று ஆயுதத்தைக் குறிப்பது. அறுவை மருத்துவத்தை இலங்கைத் தமிழர் இன்றும் ‘சத்திரசிகிச்சை’ என்பது அதன் வழியில்தான். மற்றொன்று ‘ஸத்ர’. வழிப்போக்கர் விடுதிக்கு மூலம் இதுவே. குடைபோல் நிழல் தருவதால் சத்திரம் ஆயிற்று என்று விளக்கம் சொல்லத் தோன்றும். ஆனால் தெலுங்கு வழக்கு அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. அங்கே விடுதி ‘ஸத்ரம்’, குடை ‘சத்ரம்’. முதலெழுத்தே வேறு.

‘ஸத்ர’ என்பது வேத காலத்தில் பலர் கூடி அமர்ந்து பல நாள் நடத்திய சோம வேள்வியின் பெயர். ‘அமர்தல்’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. காலம் செல்லச் செல்ல, சொல் கொடையையும் அன்னதானத்தையும் குறித்தது. பிறகு அன்னம் இடும் இடத்துக்கே பெயராயிற்று. இதே சொல் அஸ்ஸாமுக்குப் போய், சங்கரதேவர் வழிவந்த வைணவ மடங்களுக்குப் பெயரானது. அம்மடங்களில் வளர்ந்த சத்ரிய நடனத்தை 2000-ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமி செவ்வியல் நடனமாக ஏற்றது. வடகிழக்கில் வழிபாட்டின் பக்கம் சென்ற சொல், தெற்கே அடுப்படியின் பக்கம் வந்தது.

சொல் வருமுன்பே பொருள் தமிழகத்தில் இருந்தது. புதியவர்கள் வந்து தங்கும் பொதியிலைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ‘பொது இல்’ என்பதே பொதியில். மணிமேகலை அமுதசுரபியால் பசி தீர்த்த இடம், புகாரின் உலகவறவி என்னும் அம்பலம். அம்பலம் கேரளத்தில் கோயிலைக் குறித்தது. சிங்களத்தில் ‘அம்பலம’ இன்றும் வழிப்போக்கர் இளைப்பாறும் மண்டபம்தான். சாவடி, மடம், தண்ணீர்ப்பந்தல், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் என்று நடப்பவனுக்காகத் தமிழ்நிலம் பல ஏற்பாடுகளைச் செய்திருந்தது. இவற்றுள் சத்திரத்தின் தனி அடையாளம், விலையில்லாச் சோறு. ஆங்கிலேயர் ‘சவுல்ட்ரி’ என்று எழுதிய சொல்லுக்குச் சாவடியையே மூலமாகக் காட்டுவர். அவர்கள் அதைச் சத்திரத்துக்கும் சேர்த்து வழங்கியதால் ஆவணங்களில் இரண்டும் ஒன்றாகிப்போயின.

சத்திரம் எப்படி இயங்கியது என்று அறிய ஒரத்தநாட்டுக்குப் போகவேண்டும். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. காசியிலிருந்து இராமேசுவரம் நோக்கி நடந்தவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயரில் ஒன்று. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரில் 1802-இல் எழுப்பியது ஒன்று. தன் பெயரால் ஓர் அறம் நிலைக்கவேண்டும் என்று முக்தாம்பாள் கேட்டுக்கொண்டதாக வழக்கு. யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போல் முகப்பு அமைந்த அந்தக் கட்டடத்தால் ஊருக்கு முக்தாம்பாள்புரம் என்ற பெயரும் வந்தது.

1799 ஒப்பந்தத்தால் தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலேயக் கும்பினியின் கைக்குப் போயிற்று. கோட்டையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் சரபோஜிக்கு மிஞ்சின. அந்த நிலையில், 1801 ஜனவரியில், ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் சத்திரங்களைப் பற்றியது. அங்கே நடந்த அறம் முழுவதையும் அதில் விவரிக்கிறார். எந்தச் சாதியார் வந்தாலும் சோறு. நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நோயில் விழுந்தவருக்கு மருத்துவர் உண்டு, குணமாகும்வரை இருக்கலாம். குழந்தைகளுக்குப் பால். வந்த இடத்தில் பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் தங்கலாம். இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன். அரசை இழந்தவர் காக்க நினைத்தது இந்த அறத்தை. சரபோஜியின் பெருமைக்கு இந்த ஒரு கடிதமே போதும்.

1861-இல் தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. 1914-இல் பாம்பன் பாலமும் வந்தது. கால்நடையாக இராமேசுவரத்துக்குப் போனவர்கள் குறைந்தார்கள். அதற்குள் சாலையோரத்தில் வேறொரு வீடு எழுந்திருந்தது: முசாபரி பங்களா. முசாபர் என்றால் பயணி. ஆனால் அந்தக் கதவு முதன்மையாகச் சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்கே திறந்தது. சத்திரம் என்ற சொல்லோ கல்யாண மண்டபத்துக்குப் பெயரானது. ‘சாப்பாடு சத்திரத்தில், தூக்கம் மடத்தில்’ என்று வீடுவாசல் இல்லாதவனைக் குத்திக்காட்டும் பேச்சாகவும் இறங்கியது. ஊரார் அனைவருக்கும் பெருமையாக இருந்த சொல் இப்படித் தாழ்ந்தது வருத்தத்துக்குரியது.

ஆனாலும் அறம் முற்றும் அழிந்துவிடவில்லை. காசியில் நகரத்தாரின் சத்திரம் இன்றும் இருக்கிறது. தஞ்சை மாவட்டத்தில் சத்திர நிலங்களைக் கவனிக்கத் தனி நிர்வாகம் உண்டு. அந்த நிலங்கள் வழிப்போக்கனுக்காக எழுதிவைக்கப்பட்டவை. இன்றைய வழிப்போக்கர் யார்? வெளியூரிலிருந்து நோயாளியை அழைத்துவந்து, அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் உறவினர்தான். சத்திர வருவாயிலிருந்து அவர்களுக்கு ஒரு கூரையும் இருவேளைச் சோறும் கொடுக்கவேண்டும். பழைய கட்டடங்களைச் செப்பனிடும்போது இந்தப் பணியையும் சேர்த்தே அரசு எடுத்துக்கொள்ளட்டும். சத்திரம் என்ற சொல்லுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.