முத்தெடுத்த கடலில் சாம்பல்

கடல் மாசு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மீன்தான். செத்து மிதக்கும் மீன், விலை ஏறிவிட்ட மீன். அதே நீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பிழைக்கும் மனிதனை நாம் நினைப்பதில்லை. இன்றைய அரங்கில் அவனைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவன் நம் இனத்தவன். தூத்துக்குடிக் கரையில் முத்தும் சங்கும் எடுத்தவன்.

ஈராயிரம் ஆண்டுத் தொழில்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பது சங்க காலத்திலேயே புகழ்பெற்ற தொழில். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடற்பயணக் குறிப்பு, கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளே இந்த வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்கிறது. அவ்வளவு ஆபத்தான வேலை!

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ பங்கு பிரித்த கணக்கையும் எழுதி வைத்தார். மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாக்களை மந்திரத்தால் கட்டி வைப்பவருக்கு இருபதில் ஒரு பங்கு. பிற்காலத்தில் இவரைக் 'கடல்கட்டி' என்று அழைத்தார்கள். மூழ்குபவனோ கல்லைக் காலில் பிடித்துக் கடலில் இறங்குவான். அவன் உயிர், மேலே படகில் கயிறு பிடிப்பவர் கையில் இருக்கும்.

மலாக்காக்காரர்களான நமக்கு இது அந்நியக் கதை அல்ல. 1542இல் அந்த முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்ற வந்த புனித சவேரியார், 1545இல் நம் மலாக்காவுக்கு வந்தார். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இரண்டு கரைகளையும் ஆண்டவர்கள் ஒரே வரிசையில் வந்தவர்களே. 1824இல் கையெழுத்தான ஒரே ஒப்பந்தம்தான் தூத்துக்குடியையும் மலாக்காவையும் ஆங்கிலேயர் கைக்கு மாற்றியது.

முத்து எங்கே போனது?

இந்தியக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதன் பிறகு இல்லை. 'தொழிற்சாலைதான் காரணம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட மனம் துடிக்கிறது. ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கடலடி மணல் நகர்ந்து முத்துப்பாரை மூடுவதும், சிப்பியைத் தின்னும் உயிர்கள் பெருகுவதும், மனிதனே அளவுக்கு மீறி அள்ளுவதும் முன்பே உண்டு. பல ஆண்டுகள் சிப்பியே இல்லாமல் போய், பிறகு மீண்டும் விளைந்த காலங்கள் பல.

இந்த முறைதான் மீளவில்லை. அதற்குள் கரையின் முகமே மாறிவிட்டது. 1974இல் தூத்துக்குடி பெரிய துறைமுகமானது. 1979இல் அனல்மின் நிலையத்தின் முதல் பிரிவு இயங்கியது. 1992க்குள் அது ஐந்து பிரிவுகளாக வளர்ந்தது. நிலக்கரிச் சாம்பலும் சுடுநீரும் கரையோரக் கடலைச் சேர்ந்தன. சிப்பிக் குஞ்சு ஒட்டி வளர்வதற்குச் சுத்தமான பாறை வேண்டும். அதன் மேல் சாம்பல் படிந்தால் எதில் ஒட்டும்? இயற்கை தந்த நோய்க்கு மருந்து தேடும் நேரத்தில் நாம் இன்னொரு நோயைக் கொடுத்தோம் என்பதே உண்மை.

சங்கு எடுப்பவன் பாடு

முத்து போன பிறகும் சங்கு இருந்தது. வங்காளப் பெண்களின் சங்கு வளையலுக்குத் தூத்துக்குடிச் சங்கு போனது. சங்கு எடுப்பவனுக்குக் கண்தான் முதல் கருவி. நீர் கலங்கினால் சங்கு எது, மணல் எது என்று தெரியாது. கரையோரம் கெட்டால் இன்னும் ஆழத்துக்குத்தான் போக வேண்டும். காற்றழுத்த இயந்திரத்தின் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குபவர்களும் உண்டு. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகி, கை கால் விழுந்துவிடும்; உயிரே போகலாம்.

2001இல் கடல் அட்டையும் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் இரண்டு தீவுகளே நீரில் மூழ்கிய கடல் அது, சட்டம் தேவைதான். ஆனால், மூழ்குபவனின் கையை ஒரே அறிவிப்பால் தடுக்க முடிந்த அரசுக்கு, சாம்பல் குழாயை அடைக்க ஏன் அதே வேகம் வரவில்லை?

நம் ஆறு, நம் கடல்

ஜாசின் நேயர்களே, கெசாங் ஆறு நம் தோட்டங்களைக் கடந்துதான் நீரிணையில் கலக்கிறது. செம்பனை ஆலைக் கழிவுநீர் கெட்டிருப்பதை, அது நீரின் உயிர்வளியை எவ்வளவு உறிஞ்சும் என்று அளந்து சொல்வார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரில் இது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 1978இல் இதற்கு 5,000 என்று வரம்பு கட்டின. படிப்படியாக 1984க்குள் அந்த வரம்பு 100 ஆனது. ஆக, மனம் வைத்தால் முடியும்!

அதே சமயம் ஆபத்து ஆற்றோடு முடிவதில்லை. 1997 அக்டோபரில் சிங்கப்பூர் நீரிணையில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதி, சுமார் 28,500 டன் எண்ணெய் கொட்டியது. அதில் ஒரு பகுதி சிலாங்கூர் கரை வரை வந்து ஒதுங்கியது.

சுறாவைக் கட்டக் கடல்கட்டி இருந்தார். ஆலைக் குழாயைக் கட்ட மந்திரம் கிடையாது. சட்டமும், அதைக் கேட்டு வாங்கும் மக்களும்தான் உண்டு. உங்கள் ஆற்றின் நிறம் மாறினால் முகம் சுளித்துவிட்டுப் போகாதீர்கள். சுற்றுச்சூழல் துறைக்கு ஒரு புகார் எழுதுங்கள். நீருக்கு அடியில் இருப்பவனுக்குக் கத்த முடியாது. கரையில் நிற்கும் நாம்தான் அவனுக்காகக் குரல் கொடுக்க வேண்டும்.