பேரேட்டில் ஏறாத கணக்கு

கணிப்பொறியின் செயலி வேகமானது. முதன்மை நினைவகம் மந்தமானது. இவற்றிடையே விரைவான சிறு நினைவகம் ஒன்றை வைத்தால் என்ன? கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் ஒரு குறுங்கட்டுரையில் இதை விளக்கினார். அவர் இட்ட பெயர் ‘அடிமை நினைவகம்’. ஐ.பி.எம். நிறுவனம் 1968-இல் அறிவித்த 360 வரிசையின் 85-ஆம் மாதிரியில் இது 16 கிலோபைட் அளவில் இடம்பெற்றது. அந்நிறுவன ஆய்விதழின் ஆசிரியர் லைல் ஜான்சன் இதற்குக் ‘கேஷ்’ என்று பெயரிட்டார். ஒளித்து வைக்கும் இடம் என்பது பொருள்.

ஒளித்து வைப்பதில்தான் வில்லங்கம். கடைக்காரர் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்துவிட்டு, பேரேட்டில் பிறகு ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கூட்டாளி வந்து பேரேட்டைப் பார்த்தால்? பழைய கணக்குதான் தெரியும். 85-ஆம் மாதிரி ஒவ்வொரு முறையும் முதன்மை நினைவகத்திலும் எழுதிவிட்டதால், இந்தப் பிழைக்கு அதில் இடமில்லை. வேகத்தை நாடிய பிற்காலக் கேஷ்கள் பல, எழுதுவதைத் தள்ளிப்போட்டன.

1983-இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் குட்மன் ஒரு வழி கூறினார்: ஒவ்வொரு கேஷும் பொதுத் தடத்தில் நடப்பதை ஒட்டுக்கேட்கட்டும். இன்றைய மேசைக் கணிப்பொறிகளில் வன்பொருளே இதைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ரூட்டர் போன்ற சிறு கருவிகளின் மலிவான செயலிகள் பலவற்றில் இவ்வசதி இல்லை. பாரம் மீண்டும் நிரல் எழுதுபவர் தலையில்!

அங்கே ஈதர்நெட் சில்லுதான் கூட்டாளி. அது செயலியைக் கேளாமல் முதன்மை நினைவகத்தை நேரே படிக்கும். எனவே, அனுப்பும் முன் கேஷில் உள்ளதை நினைவகத்தில் எழுதிவிட வேண்டும். வந்த தகவலைப் படிக்கும் முன் கேஷின் பழைய படியைச் செல்லாததாக்க வேண்டும். முதலாவதை மறந்தால் பழைய தகவல் போய்விடும். சில்லோ அந்தத் தவறான தகவலுக்கே சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒட்டும். எண் பொருந்துவதால் எதிர்முனைச் சில்லு அதை நல்லதென்றே ஏற்கும்! கேஷ் நிறைந்தால் தானாகவே நினைவகத்துக்கு எழுதிவிடுவதால் பல நேரம் எல்லாம் சரியாகவும் நடக்கும். இத்தகைய பிழையைத் தேடிப் பிடிப்பதைப் போன்ற தலைவலி வேறில்லை.

இரண்டாவதிலும் ஒரு பொறி உண்டு. கேஷ் ஒவ்வொரு பைட்டாக அன்றி, 32 அல்லது 64 பைட் கொண்ட வரிசைகளாகவே இயங்குகிறது. வந்த தகவலும் செயலி புதிதாக எழுதிய வேறொரு மதிப்பும் ஒரே வரிசையில் அமைந்தால், பழையதை நீக்கும்போது புதியதும் சேர்ந்தே அழியும். அதனால்தான் தகவல் இறங்கும் இடங்களை வரிசையின் எல்லையில் தொடங்கி எல்லையில் முடியுமாறு ஒதுக்குகிறார்கள்.